மயிரிழைக் கோடு தாங்குமா: டிடோ, பொடோனி, பிளேஃபேர், பாஸ்கர்வில் நான்கில் எதை எடுப்பது?

"நேர்த்தியாக ஒரு எழுத்துரு வேண்டும். டிடோ போடலாமா, பொடோனி போடலாமா?" கவிதைத் தொகுப்புக்கு அட்டை செய்கிறவர்கள், இதழ் தொடங்குகிறவர்கள், லோகோ வரைகிறவர்கள் என்று பலரும் வந்து நிற்கிற இடம் இது. இரண்டையும் திரையில் பெரிதாகப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் அழகாகத்தான் இருக்கும், அதனால் முடிவு வராது. மறுநாளும் அதே இரண்டு சாளரங்கள் திறந்து கிடக்கும்.

நான் பேசுகிற வகை எது என்று சொல்லிவிடுகிறேன். செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தடித்தும், குறுக்குக் கோடுகளும் செரிஃப் என்கிற ஓரக் கால்களும் மயிரிழை போல மெலிந்தும் இருக்கும் எழுத்துருக்கள். தடிமனுக்கும் மெலிவுக்கும் உள்ள இந்தத் தூரத்தைத்தான் காண்ட்ராஸ்ட் என்கிறோம். பாயின்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு; 72 பாயின்ட், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குல அளவில் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் அழகில்லாதது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். சிக்கல் எல்லாம் சிறிதாக்கும்போதுதான் தொடங்கும். ஆகவே முதலில் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்வோம், பெயர்கள் அப்புறம்.

## எதை வைத்து அளப்பது

மெல்லிய கோடு எவ்வளவு மெல்லியது? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன். கண்டுபிடிப்பதும் எளிது. வடிவமைப்பு மென்பொருளில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'எச்'சை 100 பாயின்டில் போடுங்கள். அதைக் கோட்டு வடிவமாக மாற்றி, நடுவில் ஓடும் குறுக்குக் கோட்டின் தடிமனை அளந்து பாருங்கள். 2 பாயின்ட் வந்தால், அந்தக் கோடு எழுத்தளவில் நூற்றில் இரண்டு பங்கு. இனி எந்த அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே எழுத்தை 9 பாயின்டில் போட்டால் கோடு 0.18 பாயின்ட், அதாவது ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர்.

ஆஃப்செட் அச்சில் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை இது: வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு 0.25 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு 0.5 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது. நூற்றில் இரண்டு பங்கு கோடு உள்ள எழுத்துருவுக்கு இதைப் பொருத்தினால், கறுப்பு எழுத்துக்குக் குறைந்தபட்சம் 12.5 பாயின்ட் வேண்டும், வெள்ளை எழுத்துக்கு 25 பாயின்ட். நூற்றில் நான்கு பங்கு என்றால் இரண்டும் பாதியாகிவிடும்.

இதை நான் கற்றது ஒரு புத்தகத்தின் பின்னட்டையில். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, டிடோ 9 பாயின்ட். திரையில் பார்த்தபோது மனம் நிறைந்திருந்தது. அச்சாகி வந்தபோது ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ'யின் நடுக்கோடும் 'எச்'சின் குறுக்குக் கோடும் மைக்குள் மூழ்கிப் போயிருந்தன. செங்குத்துக் குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன. அச்சு நன்றாகத்தான் இருந்தது, கோடுதான் போதவில்லை. அந்த ஆசிரியர் எதுவும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

திரைக்கும் இதே கணக்குதான். 16 பிக்சலில் நூற்றில் இரண்டு பங்கு என்பது 0.32 பிக்சல். மூன்றில் ஒரு பங்கு பிக்சலைத் திரையால் தனியாக வரைய முடியாது. அந்தப் பிக்சலை வெளிர் சாம்பலாக்கிக் காட்டும். தடித்த கோடு கரும்கறுப்பாகவும் மெல்லிய கோடு சாம்பலாகவும் நிற்க, பத்தி முழுக்க வேலிக் கம்பி மாதிரி ஆகி நாலு வரிக்குள் கண் கூசும். 48 பிக்சலில் அதே கோடு 0.96 பிக்சல், கிட்டத்தட்ட முழுசாக ஒன்று. அங்கே எழுத்து உயிர்பெறும்.

எதன் மேல் பதியப்போகிறது? பளபளப்புத் தாள் மெல்லிய கோட்டை அப்படியே பிடித்து வைக்கும். பூச்சில்லாத தாளில் மை கொஞ்சம் பரவும். கறுப்பு எழுத்து சற்றுத் தடிக்கும், வெள்ளை எழுத்தின் கோடுகள் அடைபடும். துணியில் தையல், ரப்பர் முத்திரை, ஸ்கிரீன் பிரின்டிங், வினைல் வெட்டு, தங்கத்தாள் அழுத்தம் என்று வந்தால் மயிரிழை அறுந்துபோகும் வாய்ப்பு இன்னும் அதிகம். இன்னொன்று, கறுப்பை நான்கு மைகளும் சேர்த்து அடிக்கும்போது தகடுகள் ஒரு துளி விலகினாலும் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் நிறம் கசியும்.

எத்தனை சொற்கள்? ஒரு சொல்லா, ஒரு வரியா, ஒரு பத்தியா? இந்த வகை எழுத்துருக்கள் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கும் ஒரு வரிக்கும் பிறந்தவை.

அளவுக்கொரு வடிவம் உண்டா? ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகச் செதுக்கினார்கள். சிறிய அளவில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, எழுத்துகளுக்கு நடுவில் இடமும் கூட்டினார்கள். கணினிக்கு வந்தபோது பல எழுத்துருக்களில் ஒரே வடிவத்தையே எல்லா அளவுக்கும் இழுத்துச் சுருக்கும் வழக்கம் வந்துவிட்டது. நல்ல குடும்பங்கள் பழைய முறையை ஆப்டிகல் சைஸ் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஆகவே "பொடோனியா, டிடோவா" என்பதற்கு முன்னால் "எந்த அளவுக்கு வெட்டிய பொடோனி" என்று கேட்க வேண்டும்.

உரிமம். கணினியோடு வந்த எழுத்துருவை அச்சுக்குப் பயன்படுத்த முடிவதாலேயே, அதை இணையதளத்திலோ செயலியிலோ பதிக்க அனுமதி வந்துவிடாது. அச்சு, இணையம், செயலி மூன்றுக்கும் தனித்தனி உரிமம் கேட்கும் நிறுவனங்கள் பல. திறந்த உரிமத்தில் வந்தவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

## டிடோ

பாரிஸின் டிடோ குடும்பம் அச்சு, தாள், எழுத்து என்று எல்லாவற்றிலும் கைவைத்த குடும்பம். பிரெஞ்சுப் பாயின்ட் அளவை ஒழுங்கு செய்தவர் பிரான்சுவா அம்புருவாஸ் டிடோ. அவருடைய மகன் ஃபிர்மேன் டிடோ 1780களில் வெட்டிய எழுத்துதான் இன்று நாம் டிடோ என்று சொல்வதன் வேர். ஓரக் கால்கள் நேர்க்கோடு. தண்டோடு சேரும் இடத்தில் வளைவே இல்லாமல் சட்டென்று செங்கோணத்தில் திரும்பும். அந்தச் 'சட்டென்று'தான் அதன் அழகு முழுவதும். குளிர்ச்சியான, கொஞ்சம் தூரத்தில் நிற்கிற அழகு.

இன்று கிடைப்பவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1991இல் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது ஒன்று. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் புதிய தோற்றத்துக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்தது இன்னொன்று. இரண்டாவதில் 6, 11, 16, 24, 42, 64, 96 பாயின்ட் என்று ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வடிவம் உண்டு. தலைப்பில் இருக்கும் மயிரிழையும் படத்தின் கீழே வரும் குறிப்பில் இருக்கும் மயிரிழையும் தாளில் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பது அதன் எண்ணம். ஒரு பக்கத்தை முழுவதும் டிடோவிலேயே கட்ட வேண்டுமென்றால் செலவழித்து இதை வாங்குவதே சரி.

மறைந்திருக்கும் செலவு எழுத்துருவின் விலையில் இல்லை, அதைச் சுற்றி விடவேண்டிய இடத்தில் இருக்கிறது. டிடோவை நெருக்கிப் போட்டால் கெட்டுப்போகும். சுற்றிலும் வெறுமை வேண்டும், நல்ல தாள் வேண்டும், பெரிய எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கையால் சரிசெய்ய நேரம் வேண்டும். பக்கம் நிறையச் செய்தி இருக்கிற வேலைக்கு அது வராது.

எப்போது எடுப்பது? ஒன்றிரண்டு சொற்கள், பெரிய அளவு, பளபளப்புத் தாள் அல்லது உயர் அடர்த்தித் திரை, மேலே ஒரு நல்ல புகைப்படம். வோக் என்ற ஃபேஷன் இதழின் தலைப்பு எழுத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்துக்காக, ஃபேஷனோடு சம்பந்தமில்லாத வேலைக்கு டிடோ போட்டால் அந்தச் சாயல் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அது உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள்.

## பொடோனி

ஜாம்பாத்திஸ்தா பொடோனி 1768இல் இத்தாலியில் பார்மா கோமகனின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்று, 1813இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் வெட்டிய எழுத்துகளின் மாதிரித் தொகுப்பை அவருடைய மனைவி மார்கரீத்தா 1818இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு எழுத்துரு என்று இல்லாமல், அளவுக்கும் தடிமனுக்கும் ஏற்பச் சிறுசிறு மாற்றங்களோடு நூற்றுக்கணக்கில் வெட்டியவர் அவர். ஆகவே 'அசல் பொடோனி எது' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒவ்வொரு மறுவாழ்வும் அந்தப் பெருங்கடலிலிருந்து ஒரு குடம் மொண்டது.

எந்தக் குடம் என்பதில்தான் வேலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த பொடோனியில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் உறுதியானவை, உருவமும் கெட்டியானது. விளம்பரத்துக்கும் தலைப்புக்கும் தாங்கும். 1926இல் ஹைன்ரிஷ் யோஸ்ட் செய்த பாவர் பொடோனி நுட்பமானது, மெலிவானது. நல்ல தாளில் போட்டால் கண் எடுக்க முடியாது, சொரசொரப்பான தாளில் வீணாகிவிடும். 1994இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் கொண்டுவந்த ஐடிசி பொடோனி 6, 12, 72 என மூன்று அளவுகளுக்கு மூன்று வடிவமாக வெட்டப்பட்டது.

இங்கே பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. ஆப்பிள் கணினிகளோடு 'பொடோனி 72' என்ற எழுத்துரு வருகிறது. அந்த 72 வெறும் அலங்காரப் பெயர் இல்லை. 72 பாயின்டுக்காக வரைந்த வடிவம் அது. கணினியில் இருக்கிற பொடோனி அதுதானே என்று எடுத்து 10 பாயின்டில் பத்தி போடுகிறார்கள். படிக்க முடியவில்லை என்று பொடோனியையே குறை சொல்கிறார்கள். பெரிய தலைப்புக்கு அது அருமையானது, பத்திக்குத் தொடாதீர்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் என் முதல் தேர்வு பொடோனி மோடா. ஓவன் எர்ல் வரைந்தது, திறந்த உரிமம். ஒரே கோப்பில் 6 முதல் 96 வரை ஆப்டிகல் சைஸ் அமைப்பு இருக்கிறது; சிறிய அளவில் கோடு தானாகத் தடிக்கும், பெரிய அளவில் மெலியும். இவ்வளவு நல்ல விஷயம் இலவசமாகக் கிடைப்பதை நான் இன்னும் வியந்துதான் பார்க்கிறேன். ஆனால் இணையதளத்தில் போடும்போது கவனம்: எழுத்துருவை அழைக்கும் வரியில் அந்த ஆப்டிகல் சைஸ் அமைப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரே நிலையான வடிவம்தான் வரும். தலைப்பு மொத்தையாகத் தெரியும்; அது பொடோனியின் குணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்புறம் கோப்பும் சாதாரண எழுத்துருவைவிடப் பெரியது, பக்கம் திறக்கும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடோவோடு ஒப்பிட்டால் பொடோனிக்குக் கொஞ்சம் சதை அதிகம். வட்டங்களில் ஒரு சூடு இருக்கும். ஒரு சொல்லுக்கு மட்டும் இல்லாமல், இரண்டு மூன்று வரித் தலைப்பையும் அது தாங்கும். போல்டில் அதன் முகமே மாறி, சுவரொட்டிக்கு ஏற்றதாகிவிடும். நாடகம், இசை, கண்காட்சி மாதிரியான அறிவிப்புகளுக்கு டிடோவைவிட இதையே எடுப்பேன்.

## பிளேஃபேர் டிஸ்ப்ளே

டென்மார்க்கைச் சேர்ந்த கிளவுஸ் எகர்ஸ் சோரென்சன் வரைந்து 2011இல் கூகுள் ஃபான்ட்ஸில் வந்தது. பாஸ்கர்வில் காலத்தின் சாயலில் தொடங்கி, காண்ட்ராஸ்டைக் கூட்டிய எழுத்துரு இது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் உயரம் பெரியது, கீழே இறங்கும் வால்கள் குட்டை. அதனால் தலைப்பு வரிகளை நெருக்கி அடுக்கலாம். திரையில் இடம் குறைவாக இருக்கும்போது இது பெரிய வசதி.

இதை எடுத்தவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது எண்கள். சாதாரணமாகப் போட்டால் பழைய பாணி எண்கள் வரும்: 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும், 6, 8 மேலே ஏறும். வரிக்குள் அழகுதான். ஆனால் தலைப்பில் ஆண்டோ, தொலைபேசி எண்ணோ, பட்டியலோ வந்தால் குதித்துக்கொண்டிருக்கும். சமமான எண்கள் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கின்றன, அமைப்பில் போய் மாற்ற வேண்டும். வடிவமைப்புக் கருவி அதற்கு வழி தராவிட்டால் எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு செலவு, இது எங்கும் இருக்கிறது. இலவசம், நன்றாகவும் இருக்கிறது, ஆகவே எல்லோரும் எடுத்தார்கள். லோகோவுக்கு இதை எடுக்காதீர்கள் என்று சொல்வேன். வலைப்பக்கத் தலைப்பு, கட்டுரைத் தலைப்பு, அழைப்பு அட்டை, விளக்கப்படத் தலைப்பு இவற்றுக்குத் தயங்காமல் எடுக்கலாம். பெயரிலேயே டிஸ்ப்ளே என்று இருப்பதை மறந்து பத்திக்குப் போடுவதும் வேண்டாம்.

இதே கையோடு பலர் கார்மரன்ட் என்ற எழுத்துருவையும் பரிசீலிப்பார்கள். கிறிஸ்டியன் தால்மன் வரைந்த, கேரமான்ட் என்ற பழைய பிரெஞ்சு எழுத்தின் வழிவந்த மெல்லிய அழகி. சிறிய எழுத்துகள் மிகவும் குட்டையானவை என்பதால், மற்றதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகப் போட வேண்டும். அதைத் தனியாக அளந்து பாருங்கள்.

## பாஸ்கர்வில்

இந்த வரிசையில் இதைச் சேர்த்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காண்ட்ராஸ்ட் மற்ற மூன்றையும்விடக் குறைவு. ஆனால் நான் பார்த்தவரை, டிடோ கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது பாஸ்கர்வில்தான்.

பர்மிங்ஹாமில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராகவும், அரக்குப் பூச்சுப் பொருள்கள் செய்பவராகவும் இருந்த ஜான் பாஸ்கர்வில், 1757இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டு வெளியிட்டார். எழுத்தை மட்டும் மாற்றவில்லை அவர். மையை இன்னும் கறுப்பாக்கினார், வழவழப்பான புதுவகைத் தாளைப் பயன்படுத்தினார், அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தினார். மெல்லிய கோடு தாளில் நிற்க வேண்டுமென்றால் தாள், மை, அழுத்தம் எல்லாம் கூடவே மாற வேண்டும் என்று அன்றைக்கே புரிந்திருந்தது அவருக்கு.

அப்போதும் எதிர்ப்பு வந்தது. இவ்வளவு மெல்லிய கோடுகள் படிப்பவர்களின் கண்ணைக் கெடுத்துவிடும் என்றார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760இல் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். அப்படிக் குறை சொன்ன ஒருவரிடம், பெயர் இருந்த மேற்பகுதியைக் கிழித்துவிட்ட ஒரு எழுத்து மாதிரித் தாளைக் கொடுத்து, பாஸ்கர்விலின் குறைகளைக் காட்டச் சொன்னார். அவரும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தத் தாள் இன்னொரு ஆங்கில எழுத்து வார்ப்பாளரான கேஸ்லானுடையது! எழுத்துரு பற்றிய வாதங்களில் பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நான் இப்போதெல்லாம் மாதிரிகளைக் காட்டும்போது பெயரை எழுதுவதில்லை.

இன்று இலவசமாகக் கிடைப்பது லிப்ரே பாஸ்கர்வில். 1941ஆம் ஆண்டின் அமெரிக்க வடிவத்தை ஒட்டி, திரையில் பத்தியாகப் படிப்பதற்காகச் செய்தது. சிறிய எழுத்துகள் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். அந்த அகலம்தான் இதன் செலவு: அச்சுப் புத்தகத்தில் போட்டால் பக்கம் கூடும். 16 பிக்சல் பத்தியில் மற்ற மூன்றும் தடுமாறும் இடத்தில் இது நிமிர்ந்து நிற்கும். தலைப்பும் பத்தியும் ஒரே எழுத்துருவில் வேண்டும், கூடவே கொஞ்சம் கண்ணியமான தோற்றமும் வேண்டும் என்றால் வேறெங்கும் போக வேண்டாம். ஆனால் 90 பிக்சலில் ஒற்றைச் சொல்லாகப் போட்டால், டிடோ தருகிற அந்த மூச்சடைப்பு வராது.

## ஒரே பார்வையில்

| | டிடோ | பொடோனி | பிளேஃபேர் டிஸ்ப்ளே | பாஸ்கர்வில் |
|---|---|---|---|---|
| காண்ட்ராஸ்ட் | மிக அதிகம் | வடிவத்தைப் பொறுத்து நிறைய மாறும் | அதிகம் | நடுத்தரம் |
| பொருத்தமான நீளம் | ஒன்றிரண்டு சொல் | இரண்டு மூன்று வரி | தலைப்பு வரிகள் | பத்தி முழுவதும் |
| கறுப்பில் வெள்ளை | மிகப் பெரிதாக மட்டும் | சிறிய அளவுக்கு வெட்டிய வடிவமானால் சரி | பெரிதாக மட்டும் | பெரும்பாலும் தாங்கும் |
| தையல், முத்திரை, வினைல் | வேண்டாம் | போல்டு மட்டும் | போல்டு மட்டும் | பெரிய அளவில் சரி |
| கவனிக்க வேண்டியது | சுற்றியுள்ள வெறுமை, உரிமம் | எந்த வெட்டு என்பது | எண்கள், எங்கும் பார்த்த முகம் | அகலம் |
| இலவச வழி | நல்லதைக் காசு கொடுத்து வாங்குவதே மேல் | பொடோனி மோடா | அதுவே இலவசம் | லிப்ரே பாஸ்கர்வில் |

## பக்கத்தில் தமிழ் வரும்போது

நான்கிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. ஒரே தலைப்பில் இரண்டு மொழியும் வந்தால், தமிழ்ப் பகுதி வேறு எழுத்துருவில்தான் வரும். அதைக் கணினி தானாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

தமிழை அதே அளவு காண்ட்ராஸ்டில் தேடவும் வேண்டாம். ஆங்கில எழுத்தில் குறுக்குக் கோடு மெலிந்தாலும் தண்டு எழுத்தைக் காப்பாற்றிவிடும். தமிழில் பல எழுத்துகளுக்கு அடிக்கோடுதான் உயிர். 'ப'வின் அடிக்கோட்டை மயிரிழையாக்கிச் சிறிதாக்கினால் இரண்டு குச்சிகள் மிஞ்சும். 'ட'வில் ஒரு குச்சி மட்டும். மறுபக்கம் 'ண', 'ன' போன்றவற்றில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வருவதால், அவற்றை டிடோ அளவுக்குத் தடிப்பாக்கினால் சொல்லுக்கு நடுவில் கறுப்புத் திட்டு விழும்.

நான் செய்வது இப்படி. நடுத்தர காண்ட்ராஸ்ட் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவை, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றை எடுப்பேன். அதன் தடித்த கோடு, ஆங்கிலத்தின் தண்டைவிடக் கொஞ்சம் மெலிதாக இருக்கும்படி எடையைத் தேர்வேன். பிறகு அளவை மெல்ல மாற்றி, இரண்டு சொற்களும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது ஒரே சாம்பல் அடர்த்தியில் தெரியும் இடத்தில் நிறுத்துவேன். தமிழ்த் தலைப்புதான் முதன்மை, ஆங்கிலம் கீழே சின்னதாக வரும் என்றால் டிடோவை விட்டுவிடுங்கள். சின்னதாக வரும் அந்த ஆங்கில வரிக்குப் பாஸ்கர்வில் போதும்.

## அச்சுக்குக் கொடுக்கும் முன்

திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான்கையும் உண்மையான அளவில், உண்மையான சொற்களோடு, பெயர் எழுதாமல் ஒரே தாளில் அடியுங்கள். கீழ்ப்பாதியில் கறுப்புப் பட்டை போட்டு, அதே சொற்களை வெள்ளையில் வையுங்கள். முடிந்தால் வேலைக்குப் பயன்படப்போகிற தாளிலேயே அடிக்கச் சொல்லுங்கள். வீட்டு லேசர் பிரின்டர் ஆஃப்செட்டைப் போல இருக்காது. கையெட்டும் தூரத்தில் வைத்து ஆங்கில 'ஈ'யின் நடுக்கோட்டைத் தேடுங்கள். அது எந்த வரியில் காணாமல் போகிறதோ, அந்த எழுத்துருவை அந்த அளவுக்கு வேண்டாம் என்று நீக்கிவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். திரைக்கான வேலை என்றால், உங்கள் புதிய திரையை மட்டும் நம்பாமல், பழைய குறைந்த அடர்த்தித் திரை ஒன்றிலும் அதே பக்கத்தைத் திறந்து, தலைப்பின் மெல்லிய கோடு கறுப்பாகத் தெரிகிறதா, சாம்பலாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.